நேபாள மலைக் கிராமப் பள்ளிகளும் அவற்றைத் தாங்கும் ஊராரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கோ அன்னபூர்ணா பாதைகளுக்கோ போய்வரும் தமிழர்கள் பலர், வழியில் பார்த்த பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, நம்மால் ஏதாவது செய்ய முடியுமா என்பவையே பெரும்பாலான கேள்விகள். அந்த ஊர்களில் நடந்து, பள்ளிக்கூட்டங்களில் உட்கார்ந்து, ஆசிரியர்களோடு பேசித் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அவை அரசுப் பள்ளிகளா, ஊர்ப் பள்ளிகளா?

இரண்டும்தான். அரசிடமிருந்து தொடர்ந்து மானியம் பெறும் பள்ளியை நேபாளத்தில் 'சாமுதாயிக் வித்யாலயா', அதாவது சமுதாயப் பள்ளி என்கிறார்கள். தனியார் பள்ளிகள் தனி வகை. பேச்சுவழக்கில் அவற்றுக்கு 'போர்டிங்' என்று பெயர். மலைப்பாதையில் தகரக் கூரையும் முன்னால் ஒரு வாலிபால் வலையுமாக நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சமுதாயப் பள்ளி. ஆசிரியர் பணியிடங்களுக்கும் பாடநூல்களுக்கும் அரசு பணம் தருகிறது. நிலம் பெரும்பாலும் ஊரார் கொடுத்தது. முதல் கட்டடத்தின் கல்லும் மரமும் அவர்கள் சுமந்தவை. நிர்வாகமும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் குழுவின் கையில் இருக்கிறது.

1 முதல் 8ஆம் வகுப்பு வரை அடிப்படைக் கல்வி, 9 முதல் 12 வரை இடைநிலைக் கல்வி. 2015ஆம் ஆண்டின் அரசியலமைப்பு முதலாவதைக் கட்டாய இலவசக் கல்வியாகவும் இரண்டாவதை இலவசக் கல்வியாகவும் உரிமையாக்கியது. கேட்பதற்கு இதோடு எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடியவில்லை என்பதைப் பின்வரும் பதில்களில் பார்க்கலாம்.

ஊரே பள்ளி நடத்தும் வழக்கம் எப்படி வந்தது?

1951 வரை நேபாளத்தை ஆண்ட ராணா வம்சத்தார், குடிமக்கள் படிப்பதை விரும்பவில்லை. ஜங் பகதூர் ராணா ஐரோப்பா போய்த் திரும்பிய பிறகு 1854இல் தொடங்கிய தர்பார் பள்ளி, அவருடைய குடும்பப் பிள்ளைகளுக்கானது. ராணா ஆட்சி விழுந்தபோது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர்.

அந்த வெற்றிடத்தை முதலில் நிரப்பியவர்கள் ஊரார். குருங், மகர் இனத்தவரின் கிராமங்களில் பிரிட்டிஷ், இந்தியப் படைகளிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பிய கூர்க்கா வீரர்கள் ஆசிரியர்களானார்கள். அவர்களே அதிகம் படித்தவர்கள் இல்லை. பட்டாளத்தில் கற்ற எழுத்தையும் கணக்கையும் கற்பித்தார்கள். ஆசிரியரின் சம்பளத்துக்கு வீட்டுக்கு வீடு தானியம் ஒதுக்கினார்கள். இதற்கு 'முட்டி தான்' என்று பெயர். நம் ஊரில் கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் பிடியரிசி எடுத்து வைத்ததைப் போல, அங்கே சமைக்கும்போதெல்லாம் பள்ளிக்காக ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். சோளமும் கேழ்வரகும் அளந்து வாங்கிக்கொண்டு கற்பித்த அந்த முதல் தலைமுறை ஆசிரியர்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது. நேபாளத்தின் எழுத்தறிவு அவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் எழுந்திருக்கிறது.

1971இல் வந்த தேசியக் கல்வித் திட்டம் இந்தப் பள்ளிகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தது. சம்பளம் உறுதியானது, பாடத்திட்டம் ஒன்றானது. ஆனால் ஊரார் கை கழுவினார்கள். கூரை ஒழுகினாலும் 'அது சர்க்கார் கூரை' என்று இருந்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2001இல் கல்விச் சட்டத்தின் ஏழாவது திருத்தம் பள்ளி நிர்வாகக் குழுக்களுக்கு மீண்டும் அதிகாரம் கொடுத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலக வங்கியின் உதவியோடு, விரும்பும் ஊர்களிடம் பள்ளி நிர்வாகத்தை ஒப்படைக்கும் திட்டமும் வந்தது. அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்த அச்சம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

நிர்வாகக் குழுவில் யார் இருப்பார்கள்?

பெற்றோர் கூடித் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள், வார்டின் பிரதிநிதி, பள்ளியை நிறுவியவர்களில் அல்லது நன்கொடையாளர்களில் ஒருவர், ஓர் ஆசிரியர். தலைமை ஆசிரியர் செயலாளராக இருப்பார். தலைவர் பெற்றோர் தரப்பிலிருந்து வருவார். பெண்களுக்கும் இடம் உண்டு. உள்ளூரிலேயே ஆசிரியர் வைப்பது, கட்டட வேலையை மேற்பார்வையிடுவது, ஆண்டுதோறும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது ஆகியவை இவர்கள் வேலை.

2017இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நடந்த பிறகு படம் மாறிவிட்டது. அரசியலமைப்பு பள்ளிக் கல்வியை 753 உள்ளாட்சி அமைப்புகளின் அதிகாரப் பட்டியலில் வைத்திருக்கிறது. முன்பு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு இரண்டு நாள் நடந்து போன தலைமை ஆசிரியர், இப்போது பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் 'பாலிகா', அதாவது உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனால் போதும். இது பெரிய நிம்மதி. ஆனால் ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் உள்ளாட்சியின் கீழ் வர விரும்பவில்லை. பள்ளிக் கல்வி மசோதாவை முன்வைத்து 2023 செப்டம்பரிலும் 2025 ஏப்ரலிலும் காத்மாண்டு வீதிகளில் பெரும் போராட்டம் நடத்தினார்கள்.

ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறதே, பிறகு ஊர்ப் பணம் எதற்கு?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் மையம். உதவி செய்ய வருபவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை.

அரசு ஒரு பள்ளிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆசிரியர் பணியிடங்களை ஒதுக்குகிறது. பள்ளி வளர்ந்து மேல் வகுப்புகள் தொடங்கும்போது பணியிடங்கள் அதே வேகத்தில் வருவதில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற பள்ளியைப் பத்தாம் வகுப்பு வரை உயர்த்த ஊர் முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்துவிடும். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் கிடைக்கமாட்டார். அப்போது குழுவே ஒருவரை நியமித்துத் தன் கையிலிருந்து சம்பளம் கொடுக்கும். இவர்களை 'நிஜி ஸ்ரோத்' ஆசிரியர்கள் என்கிறார்கள். ஊர் சொந்தமாகத் திரட்டும் பணத்தில் வேலை செய்பவர்கள் இவர்கள். நிரந்தர ஆசிரியர் வாங்குவதில் ஒரு பங்குதான் இவர்களுக்குக் கிடைக்கும். மழலை வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் நிலை இன்னும் மோசம்.

ஒரு கட்டடத்தை ஒருமுறை கட்டினால் முப்பது ஆண்டு நிற்கும். ஆசிரியரின் சம்பளத்தை மாதந்தோறும் கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரருக்குக் கட்டடம் பிடிக்கும், ஏனென்றால் அதில் பெயர்ப்பலகை வைக்கலாம். கணித ஆசிரியரின் நெற்றியில் பலகை தொங்கவிட முடியாது. அதனால்தான் புத்தம்புதுக் கட்டடமும் ஆசிரியர் இல்லாத ஒன்பதாம் வகுப்பும் ஒரே பள்ளியில் இருப்பதைப் பார்க்க நேர்கிறது. ஒரு மலைப் பள்ளியைத் தாங்குவது என்றால், ஆண்டுதோறும் திரும்பி வரும் செலவைத் தாங்குவது என்றே பொருள்.

அந்தச் செலவுக்கு ஊர் எப்படிப் பணம் திரட்டுகிறது?

பல ஊற்றுகள் உண்டு. முதலாவது காடு. 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் பக்கத்துக் காட்டை ஊராரின் பயனாளர் குழுவிடம் ஒப்படைக்க வழிசெய்தது. இன்று நாடு முழுவதும் இத்தகைய குழுக்கள் 22,000க்கு மேல் இருக்கின்றன. மரம், விறகு, மூலிகை விற்ற வருமானத்தில் ஒரு பகுதியைக் காட்டுக்கே செலவிட வேண்டும். மீதத்திலிருந்து பள்ளிக்கு மேசை, பெஞ்சு, சில இடங்களில் ஓர் ஆசிரியரின் சம்பளம்கூட வருகிறது.

இரண்டாவது, 'ஆமா சமூக' எனப்படும் தாய்மார் குழுக்கள். தீபாவளியை ஒட்டிய திகார் பண்டிகை நாட்களில் வீடு வீடாகப் போய் தேவுசி பைலோ பாடி ஆடுவார்கள். வீட்டுக்காரர் ஒரு முறத்தில் நெல், பழம், பணம், விளக்கு எல்லாம் வைத்துக் கொடுப்பார். அந்தப் பணம் பாதை, தண்ணீர்க் குழாய், பள்ளி என்று பொதுக் காரியங்களுக்குப் போகும். மலையேற வருபவர்களை வரவேற்று நடனமாடித் திரட்டும் பணமும் இப்படித்தான். உங்கள் முன்னால் ஒரு தட்டு வைக்கப்பட்டால் தயங்காமல் போடுங்கள்.

மூன்றாவது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள். கத்தாரிலும் மலேசியாவிலும் கூலி வேலை செய்பவர்களும் ஹாங்காங்கிலும் பிரிட்டனிலும் குடியேறிய முன்னாள் படைவீரர் குடும்பங்களும் அனுப்பும் பணம். நான்காவது, உடல் உழைப்பு. வீட்டுக்கு ஓர் ஆள் என்று வந்து கல் உடைத்து, மணல் சுமந்து தரும் சிரமதானம். நெற்றியில் 'நாம்லோ' பட்டையை மாட்டி, முதுகில் மூங்கில் கூடையோடு பெண்கள் ஆற்று மணலைச் செங்குத்தான படியில் ஏற்றி வருவதை ஒருமுறை பார்த்தால், அந்தச் சுவரின் விலை என்ன என்பது விளங்கும்.

ஊரே தொழில் நடத்திப் பள்ளியை நடத்திய உதாரணம் உண்டா?

உண்டு. மியாக்தி மாவட்டத்தில் இருக்கும் நாங்கி என்ற மகர் கிராமம்.

அந்த ஊரில் பிறந்த மகாவீர் புன், ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர்களிடம் முதல் எழுத்துக் கற்றவர். மேற்படிப்புக்கு ஊரில் வழியில்லாததால் அவருடைய குடும்பம் சமவெளியில் இருக்கும் சித்வனுக்கு இடம்பெயர்ந்தது. அவர் அங்கேயே பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1990களின் தொடக்கத்தில் ஊராரோடு சேர்ந்து ஹிமாஞ்சல் உயர்நிலைப் பள்ளியைக் கட்டி எழுப்பினார். சம்பளத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பள்ளியும் ஊரும் சேர்ந்து தொழில்களில் இறங்கின. யாக் மாட்டையும் பசுவையும் கலந்து வளர்த்தார்கள். பாலாடைக்கட்டி, பழ ஜாம் செய்தார்கள். 'லோக்தா' என்ற செடியின் பட்டையிலிருந்து கைக்காகிதம் தயாரித்தார்கள். மீன் வளர்த்தார்கள். மலையேறிகள் கூடாரம் போட இடம் அமைத்தார்கள். எல்லாம் ஓடவில்லை, ஓடியவை பள்ளிக்குக் கைகொடுத்தன.

அதே பள்ளிக்கு நன்கொடையாகக் கணினிகள் வந்தபோது ஊரில் மின்சாரம் இல்லை. ஓடையில் சிறு நீர்மின் இயந்திரங்கள் வைத்து ஓட்டினார்கள். உதிரி பாகங்களை மரப்பெட்டிகளுக்குள் பொருத்தியும் கணினிகள் செய்தார்கள். தொலைபேசிக் கம்பி வராது என்று தெரிந்ததும் 2002 வாக்கில், வீட்டிலேயே செய்த ஆண்டெனாக்களை மரத்தின் உச்சியில் கட்டி, மலை தாண்டி போக்ராவிலிருந்து கம்பியில்லா இணையத்தை இழுத்தார்கள். மாவோயிஸ்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பின்னர் பல கிராமங்கள் அந்த வலையில் சேர்ந்தன. ஆசிரியர் இல்லாத ஊருக்கு இன்னோர் ஊரின் ஆசிரியர் திரையில் பாடம் நடத்த முடிந்தது. மருத்துவமனையோடு பேச முடிந்தது. எருமை விற்பனைக்கு விளம்பரம்கூடப் போட்டார்கள்.

மகாவீர் புன்னுக்கு 2007இல் ராமன் மகசேசே விருது கிடைத்தது. 2025 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் அவர் கல்வி அமைச்சரானார். எனக்கு இந்தக் கதையில் விருதைவிட ஜாம் முக்கியம். சம்பளப் பிரச்சினையை ஊர் நேருக்கு நேர் பார்த்து, கையில் இருப்பதை வைத்து விடை தேடியது. அப்படித் தேடும் ஊருக்கு வெளியிலிருந்து வரும் உதவி வீணாவதில்லை.

அப்படியானால் வெளியார் உதவி தேவையே இல்லையா?

தேவை. ஆனால் ஊர் கேட்டதற்கு விடையாக அது வர வேண்டும். எவரெஸ்ட் பகுதியின் கும்ஜுங் பள்ளி இதற்கு நல்ல சாட்சி. எட்மண்ட் ஹிலாரி சிகரம் தொட்ட சில ஆண்டுகளுக்குப் பின், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஷெர்பா நண்பர்களிடம் கேட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். 3,700 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த ஊரில் 1961இல் பள்ளி திறந்தது. பிறகு மற்ற ஊர்களும் அவரிடம் மனுக் கொடுத்துப் பள்ளி கேட்டன. இடமும் உழைப்பும் ஊராருடையவை. பணமும் பொருளும் அவருடைய ஹிமாலயன் டிரஸ்டு கொண்டுவந்தவை. கும்ஜுங்கில் படித்த மிங்மா நோர்பு ஷெர்பா பின்னாளில் சகர்மாதா (எவரெஸ்டின் நேபாளிப் பெயர்) தேசியப் பூங்காவின் தலைமைக் காப்பாளரானார்.

தெற்கே சோலு பகுதியின் ஜுன்பேசி என்ற ஊரில், 1991இல் 'ரீட்' அமைப்பு தன் முதல் கிராம நூலகத்தைத் தொடங்கியது. ஊர் தன் பங்கைப் போட வேண்டும், நூலகத்தை நடத்த வருமானம் தரும் ஒரு தொழிலும் கூடவே தொடங்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் நிபந்தனை. கடை வாடகை, தச்சுப் பட்டறை, ஆம்புலன்ஸ் என்று ஒவ்வோர் ஊரும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்தது. நாங்கியில் ஊர் தானாகக் கண்ட வழியை இவர்கள் விதியாகவே வைத்தார்கள். எனக்குத் தெரிந்த உதவித் திட்டங்களில் அறிவார்ந்த நிபந்தனை இதுதான்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு பள்ளிகள் மீண்டுவிட்டனவா?

2015 ஏப்ரல் 25, நண்பகலுக்குச் சற்று முன், 7.8 அளவுள்ள நிலநடுக்கம் கோர்க்கா மாவட்டத்தில் தொடங்கியது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். பல்லாயிரம் வகுப்பறைகள் இடிந்தன. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் பள்ளி விடுமுறை நாள். ஒரு நாள் முன்போ பின்போ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்குள்ள ஆசிரியர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி நடுங்குகிறார்கள்.

மலைப் பள்ளிகள் விழுந்ததற்குக் காரணம் சுவரின் உள்ளே இருந்தது. சேற்றுச் சாந்தில் அடுக்கிய கற்சுவருக்கு உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு அடுக்கு உண்டு. நடுவில் சில்லுக்கல் நிரப்பியிருப்பார்கள். குலுங்கும்போது இரண்டு முகங்களும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் சரியும். இரண்டையும் குறுக்கே பிணைக்கும் நீளக் கற்களை இடையிடையே வைத்து, ஜன்னலின் கீழும் மேலும் கூரைக்கு அடியிலும் சுவரைச் சுற்றி மரத்தாலோ கான்கிரீட்டாலோ பட்டை ஓட்டினால் அதே கல் நிற்கும். இதை நேபாளத்து நிலநடுக்கத் தொழில்நுட்பச் சங்கம் 1990களின் இறுதியிலிருந்தே சொல்லி வந்தது. உள்ளூர்க் கொத்தர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பக்தபூர் அருகே நாங்கேலில் ஒரு பள்ளியிலிருந்து தொடங்கிப் பல பள்ளிகளைப் பலப்படுத்தியது. அப்படிப் பலப்படுத்திய பள்ளிகள் 2015இல் தாங்கின. பயிற்சி பெற்ற கொத்தர்கள் பிறகு தங்கள் வீடுகளையும் அப்படியே கட்டியதுதான் அந்த வேலையின் பெரிய பலன்.

இடிந்தவற்றில் பெரும்பாலானவை மீண்டும் எழுந்துவிட்டன. இந்திய அரசின் மானியத்திலும் கணிசமான பள்ளிகள் கட்டப்பட்டன. ஆனால் மலை ஓயவில்லை. 2023 நவம்பரில் ஜாஜர்கோட் பகுதியில் மறுபடி நிலம் நடுங்கி 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் பனியேரி உடைந்து வந்த வெள்ளம் எவரெஸ்ட் அமைந்திருக்கும் கும்பு பகுதியின் தாமே கிராமத்தில் பள்ளியையும் சுகாதார நிலையத்தையும் சேதப்படுத்தியது.

பெண் குழந்தைகள் படிக்கிறார்களா?

சேர்க்கையில் பெரிய முன்னேற்றம் இருக்கிறது. ஆனால் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்களின் எழுத்தறிவு 83.6 சதவீதம், பெண்களுடையது 69.4. தாய்மார், பாட்டிமாரின் தலைமுறை இழந்தது அந்த இடைவெளியில் தெரிகிறது.

மேற்கு மலைகளில் மாதவிடாய் நாட்களில் பெண்களை வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கும் 'சௌபடி' வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005இல் தடைசெய்தது. 2017இல் அது குற்றமாக்கப்பட்டது. வழக்கம் முற்றாக ஒழியவில்லை. அரசு சில ஆண்டுகளாகச் சமுதாயப் பள்ளிகளில் இலவச நாப்கின் தருகிறது. அதற்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் தண்ணீரும் வேண்டும். ஒரு பள்ளியில் பெண்களுக்கான கழிப்பறைக் கதவு உள்ளிருந்து பூட்டுகிறதா என்று பாருங்கள். அந்த ஊர் பெண்களின் படிப்பை எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பதை எந்த அறிக்கையையும்விட அது சீக்கிரம் சொல்லும்.

மதிய உணவு உண்டா?

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தவறாமல் கேட்பது இது. உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை அரசு பணம் தருகிறது. திட்டம் நாடு முழுவதும் விரிந்தபோது வைத்த தொகை ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 15 நேபாள ரூபாய். வடமேற்கு மலை மாகாணமான கர்னாலியின் தொலைதூர மாவட்டங்களில் 20. நேபாளத்தின் 1.60 ரூபாய் நம்முடைய ஒரு ரூபாய், ஆகவே 15 என்பது நமக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு. இதில் அரிசியைக் கோவேறு கழுதையில் ஏற்றி வரும் கூலியும் அடங்க வேண்டும். எனவே பெற்றோர் விறகும் காய்கறியும் கொடுத்து முறைவைத்துச் சமைக்கிறார்கள்.

பிள்ளைகள் குறைந்து பள்ளிகள் மூடப்படுகின்றனவாமே?

உண்மை. மலையை விட்டு மக்கள் இறங்குகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தராய் சமவெளியில் இருந்தார்கள்; உயர் இமயப் பகுதியில் 6 சதவீதம் மட்டுமே. பல தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் எண்ணிக்கையை மாணவர் எண்ணிக்கை எட்டிப் பிடிக்கத் திணறுகிறது. உள்ளாட்சிகள் பள்ளிகளை இணைக்கின்றன. சமவெளியில் அது சரி. மலையில் 'பக்கத்துப் பள்ளி' என்பது ஆற்றில் இறங்கி மறுகரை ஏறும் ஒன்றரை மணி நேர நடை, மழைக்காலத்தில் மண்சரிவு. ஆறு வயதுக் குழந்தையை யார் அனுப்புவார்கள்? ஊரைவிட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த குடும்பம், பள்ளி மூடிய ஆண்டில் கிளம்பிவிடும். முதல் மூன்று வகுப்புகளையாவது அந்தந்த ஊரிலேயே வைத்துக்கொண்டு மேல் வகுப்புகளை இணைப்பதுதான் சரி என்பது என் கருத்து.

குழு முறையில் குறைகளே இல்லையா?

இருக்கின்றன. குழுத் தலைவர் தேர்தல் கட்சிச் சண்டையாகிவிடும் ஊர்கள் உண்டு. தலித் குடும்பங்கள் பெயருக்கு ஓர் இடம் பெற்று, கூட்டத்தில் கடைசியில் உட்காரும் நிலை இன்னும் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளைப் போர்டிங் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஊர்ப் பள்ளியின் முடிவுகளை மட்டும் எடுக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் தோல்பா, முகு போன்ற மாவட்டங்களில் 'யார்சாகும்பா' பூஞ்சை எடுக்க ஊரே மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறிவிடும். பிள்ளைகளும் போய்விடுவார்கள், வகுப்பறை காலியாகும். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே அந்தச் சில வாரங்களில் இருக்கும்போது குழு எவ்வளவு பேசினாலும் எடுபடாது. விடுமுறையை அந்த வாரங்களுக்கு மாற்றிவைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. சில இடங்களில் செய்கிறார்கள்.

பணம் கொடுக்க விரும்புகிறேன். எதைப் பார்த்துக் கொடுப்பது?

பள்ளியின் பெயரில், கூட்டுக் கையொப்பத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு இருக்கும். அதில் மட்டும் போடுங்கள், வழிகாட்டியின் கையிலோ தலைமை ஆசிரியரின் கையிலோ கொடுக்காதீர்கள். குழுக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்க நினைக்கும் காரியம் நீங்கள் வருவதற்கு முன்பே அதில் எழுதப்பட்டிருக்கிறதா? ஊரின் பங்கு எவ்வளவு என்று இருக்கிறதா? பாலிகா கல்விப் பிரிவுக்குத் தெரியுமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் நிம்மதியாகக் கொடுக்கலாம்.

சமுதாயப் பள்ளிகள் ஆண்டுதோறும் பெற்றோர் முன்னிலையில் 'சாமாஜிக் பரீட்சண்' என்ற சமூகத் தணிக்கை நடத்த வேண்டும். கோர்க்கா மாவட்டத்தில் ஒரு பள்ளி முற்றத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். தலைமை ஆசிரியர் கணக்கு வாசித்துக்கொண்டிருந்தார். கூரைத் தகடுகளின் எண்ணிக்கை வந்ததும் ஒரு பாட்டி எழுந்து வெளியே போய், கூரையை அண்ணாந்து பார்த்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். கூட்டமே எழுந்து அவர் பின்னால் போனது. எண்ணிக்கை சரியாக இருந்தது. எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்து, கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டுத் தேநீர் குடித்தார்கள். அந்த ஊருக்கு வெளியிலிருந்து தணிக்கையாளர் யாரும் தேவையில்லை.

முடிந்தால் ஒரே தொகையைவிட, மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து சிறு தொகை கொடுங்கள். ஓர் ஊதிய ஆசிரியரை ஓராண்டு வைத்துவிட்டு அடுத்த ஆண்டு கைவிடுவது, வைக்காமல் இருப்பதைவிடக் கெடுதல்.

பேனா, நோட்டுப் புத்தகம், சாக்லேட் எடுத்துப் போகலாமா?

வழியில் ஓடிவரும் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். சுற்றுலாப் பாதைகளில் கை நீட்டும் பழக்கம் இப்படித்தான் பரவியது. பள்ளிக்குப் போகாமல் பாதையில் நிற்பதற்கும் அது காரணமாகிறது. நோட்டும் பேனாவும் கீழேயுள்ள சந்தை ஊரிலேயே கிடைக்கும். அங்கே வாங்கிப் பள்ளி அலுவலகத்தில் பதிவேட்டில் எழுதி ஒப்படையுங்கள். புத்தகம் என்றால் நேபாளியிலும் தமாங், ஷெர்பா, குருங் போன்ற உள்ளூர் மொழிகளிலும் அச்சான சிறுவர் நூல்களைக் காத்மாண்டுவில் வாங்குங்கள். 2021 கணக்கெடுப்பில் பதிவான மொழிகள் 124. வீட்டில் தமாங் பேசும் குழந்தை முதல் வகுப்பில் நேபாளியோடும் ஆங்கிலத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிறது. நம் வீட்டில் மிச்சமான ஆங்கிலக் கதைப் புத்தகங்களை அங்கே சுமப்பதில் பயனில்லை.

ஒரு மாதம் தங்கிப் பாடம் நடத்தலாமா?

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. மற்ற நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்ய அனுமதி இல்லை என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். அனுமதியைவிடப் பெரிய கேள்வி, நீங்கள் போன பிறகு என்ன நடக்கும் என்பது. மாதத்துக்கு ஒரு புதிய முகம் வந்து பாட்டும் விளையாட்டும் நடத்திவிட்டுப் போனால் பாடம் நகராது. உங்களுக்கு ஆசிரியப் பயிற்சி இருந்தால் அங்குள்ள ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள்: அறிவியல் ஆய்வகப் பெட்டியை இயக்கக் காட்டுவது, கணினி அறையைச் சீராக்குவது போன்றவை. அவர் அங்கேயே இருப்பார், நீங்கள் கற்றுக்கொடுத்ததும் அங்கேயே தங்கும்.

கெட்டிக்காரக் குழந்தை ஒன்றைக் காத்மாண்டு விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்க ஆசை. செய்யலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஹும்லா போன்ற எட்டாத மாவட்டங்களில், நல்ல படிப்பு என்று ஆசை காட்டித் தரகர்கள் குழந்தைகளை அழைத்துப்போய், காத்மாண்டுவிலும் போக்ராவிலும் 'அநாதை இல்லங்களில்' விட்டுப் பணம் பார்த்த கொடுமை நடந்திருக்கிறது. அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். படிப்புக்காகக் குழந்தை ஊரைவிட்டுப் போக வேண்டிய தேவையைக் குறைப்பதே ஊர்ப் பள்ளியின் வேலை. அதே பணத்தில் அந்தக் குழந்தையின் வகுப்பு முழுவதற்கும் ஒரு கணித ஆசிரியரை வைக்கலாம். மேல்நிலைப் படிப்புக்குப் போகும் வயதில், பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து கேட்டால், உதவித்தொகை கொடுப்பது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

எப்போது போனால் பள்ளி நடப்பதைப் பார்க்கலாம்?

கல்வியாண்டு பைசாக் மாதத்தில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. மலையேற்றத்துக்கு உகந்த அக்டோபரில் தசைன் (நம் நவராத்திரி, தசரா நாட்களில் வரும் பண்டிகை), திகார் விடுமுறை நீளமாக வரும். அந்த வாரங்களில் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். உயரமான ஊர்களில் குளிர்கால விடுமுறை டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். நவம்பர் நடுப்பகுதியும் ஏப்ரல் இறுதியும் நல்ல சமயம். சனிக்கிழமையைத் தவிருங்கள். முந்தின நாளே தலைமை ஆசிரியருக்குச் சொல்லி அனுப்பி, வகுப்பு நேரம் முடிந்த பிறகு சந்தியுங்கள். குழந்தைகளைப் படமெடுக்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள்.